ஆவணப்படம் பார்த்த பிறகு ஒரு பாப் குழுவைப் பிடித்துப்போவது உண்மையான ரசனைதானா?

உண்மையான ரசனைதான் என்பது என் பதில். ஆவணப்படம் பார்த்த பிறகே ஒரு பாப் கலைஞரை ரசிக்கத் தொடங்கியதாகவும், அது ரசனையா வெறும் அனுதாபமா என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நண்பர் யாரோ உங்களைக் கேலி செய்திருக்க வேண்டும். எனக்கும் அந்தக் கேலி பழக்கமானது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் மெல்லிசைக் குழுக்களில் ரிதம் பேட் (மின்னணுத் தாளக் கருவி) வாசிப்பவன். பளபளக்கும் வெள்ளை உடை, பொத்தான் போடாத சட்டை, காதைக் கூசவைக்கும் கள்ளக் குரல் (இயல்பை மீறி உச்சத்தில் பாடும் குரல்): எழுபதுகளில் டிஸ்கோ என்ற நடன இசையால் கொடிகட்டிப் பறந்த பீ ஜீஸ் குழுவின் பாரி, ராபின், மாரிஸ் கிப் சகோதரர்களைப் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயம் இவ்வளவுதான். பிராங்க் மார்ஷல் இயக்கத்தில் 2020இல் வெளிவந்த 'தி பீ ஜீஸ்: ஹவ் கேன் யூ மெண்ட் எ புரோக்கன் ஹார்ட்' என்ற ஆவணப்படத்தையும் தூக்கம் வராமல்தான் போட்டேன்.

என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது 'ஸ்டேயிங் அலைவ்' பாடலின் தாளம் பிறந்த கதை. 1977இல் பாரிஸுக்கு அருகே ஒரு பழைய மாளிகையில் அமைந்திருந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது, டிரம்ஸ் வாசிக்கும் டென்னிஸ் பிரையன் குடும்பக் காரணத்தால் ஊருக்குப் போக நேர்ந்தது. வேலையை நிறுத்த மனமில்லாத இணைத் தயாரிப்பாளர்கள் ஆல்பி கலூட்டனும் கார்ல் ரிச்சர்ட்சனும், அவர் ஏற்கெனவே 'நைட் ஃபீவர்' பாடலுக்கு வாசித்திருந்ததிலிருந்து நல்லதாக இரண்டு பார்களை (தாளச் சுற்றுகளை) பொறுக்கி நாடாவில் ஏற்றி, நாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி, அதை மைக் ஸ்டாண்டைச் சுற்றி ஓடவிட்டார்கள். பாடல் முழுவதும் டிரம்ஸாக நாம் கேட்பது அடிப்படையில் அந்த இரண்டு பார்கள்தான். வளையத்துக்கு ஆங்கிலத்தில் லூப் என்பதால், இல்லாத அந்த வாத்தியக்காரருக்கு 'பெர்னார்ட் லூப்' என்று விளையாட்டாகப் பெயரும் சூட்டினார்கள். அதே வளையம்தான் 'மோர் தேன் எ வுமன்' பாடலிலும், பின்னர் பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் பாடிய 'வுமன் இன் லவ்' பாடலிலும் ஓடுகிறது என்று அறிந்தபோது, மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்காமல் என்னால் படுக்க முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு, லூப்பைத் திட்டுகிற நீங்களா இப்படி எழுதுவது என்று எங்கள் வட்டாரத்தில் சிலர் கிளம்புவார்கள். கச்சேரி ஏற்பாட்டாளர்கள் தாளத்தைப் பென்டிரைவில் கொண்டுவந்து வாத்தியக்காரரின் சம்பளத்தை மிச்சம்பிடிப்பதை நான் திட்டுவது உண்மை, இனியும் திட்டுவேன். ஆனால் பீ ஜீஸ் குழுவினர் எடுத்தது தங்கள் வாத்தியக்காரர் கையால் வாசித்ததை. அவரும் திரும்பி வந்து குழுவில் தொடர்ந்தார். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது நியாயமில்லை.

அந்தக் கள்ளக் குரலுக்கும் ஒரு தொடக்கம் உண்டு. 1975இல் மயாமியில் 'நைட்ஸ் ஆன் பிராட்வே' பாடலைப் பதிவு செய்தபோது, முடிவில் சுருதி விலகாமல் யாராவது கத்த முடியுமா என்று தயாரிப்பாளர் அரிஃப் மார்டின் கேட்க, பாரி கிப் முயன்று பார்த்ததில் வெளிப்பட்டது அது. அதற்கு முன்பே அவர்கள் வேறொரு பாணியில் புகழ்பெற்றிருந்தார்கள். 1967இல் வந்த 'மாசசூசெட்ஸ்' பாடலில் ராபினின் நடுங்கும் குரலைக் கேட்டால், டிஸ்கோவின் சாயலே இராது.

ஆவணப்படங்கள் கலைஞரைத் தூக்கிப்பிடிக்கவே எடுக்கப்படுகின்றன என்பார்கள். பாரியே உட்கார்ந்து பேசும் படம் அவரைக் குறுக்கு விசாரணை செய்யாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் 1979 ஜூலை 12 அன்று சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்த நிகழ்ச்சியை அது மேலோட்டமாகக் கடந்துவிடவில்லை. அன்று அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்து, பின்னர் ஹவுஸ் எனும் மின்னணு நடன இசையின் கலைஞரான வின்ஸ் லாரன்ஸ், மக்கள் கொண்டுவந்தவற்றில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் இருந்ததைச் சொல்கிறார். அதன்பின் வானொலிகள் பீ ஜீஸை ஒதுக்கியபோது அவர்கள் பிறருக்கு எழுதினார்கள். 1983இல் கென்னி ரோஜர்ஸும் டாலி பார்ட்டனும் பாடிய 'ஐலண்ட்ஸ் இன் தி ஸ்ட்ரீம்' அவர்களுடையதுதான்.

அனுதாபம் வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். தனியாகப் பாடிவந்த கடைசித் தம்பி ஆண்டி 1988இலும், மாரிஸ் 2003இலும், ராபின் 2012இலும் மறைந்துவிட, வெற்றிப் பாடல் எதுவும் இல்லாவிட்டாலும் தம்பிகள் உடனிருந்தால் போதும் என்று பாரி சொல்லும் இடத்தில் யாருக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் அது அன்றிரவோடு போயிற்று. அந்த இரண்டு பார்களை நான் இன்றும் பேடில் வாசித்துப் பார்க்கிறேன், அந்த நடை இன்னும் பிடிபடவில்லை.

ஆகவே நீங்களும் படத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டு, பாடல்களை மட்டும் ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். அப்போதும் பிடித்தால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ரசிகனாகிவிட்டால் அவர்கள் செய்த எல்லாவற்றையும் தாங்க வேண்டும் என்றும் இல்லை. பீட்டில்ஸ் பாடல்களை வைத்து 1978இல் அவர்கள் நடித்த திரைப்படத்தை என்னால் இன்றுவரை முழுதாகப் பார்க்க முடியவில்லை.