கேளுங்கள், சொல்கிறோம்: புயலும் வீட்டுப் பிராணிகளும்

முகாமில் நாயை உள்ளே விட மாட்டோம் என்றதால் போன புயலுக்கு நானும் மாமியாரும் வீட்டைவிட்டு நகரவில்லை. இந்த மழைக்கும் அப்படித்தான் இருக்கப்போகிறோம். மகன் திட்டுகிறான். நாங்கள் செய்வது தவறா?
*- வாசகி, தேவனாம்பட்டினம்*

நாயை விட்டுவர மனம் வராதது தவறில்லை. அதற்காக வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதுதான் தவறு. 2005-ல் அமெரிக்காவில் கத்ரீனா சூறாவளி வந்தபோதும் பலர் இதே காரணத்துக்காக வெளியேற மறுத்தார்கள். மறு வருடமே, வெளியேற்றத் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. ஆகவே உங்களைப் பிடிவாதக்காரர் என்று சொல்ல மாட்டோம். ஆனால் படகு வாசலுக்கு வந்தபிறகு நாய்க்காக வாதாடிப் பயனில்லை. அதில் ஆட்களுக்கே இடம் போதாது.

வானிலை மையத்தின் புயல் எச்சரிக்கை ஏறக்குறைய 48 மணி நேரம் முன்பே வந்துவிடும். அப்போதே, ஆட்டோ கிடைக்கும்போதே கிளம்புங்கள். கேப்பர் மலைப் பக்கமோ வேறு மேட்டிலோ இருக்கும் உறவினரிடம் இப்போதே பேசிவையுங்கள். 'நாயும் வரும்' என்பதையும் சொல்லிவிடுங்கள். யாரும் இல்லையென்றால் விஏஓவைப் பாருங்கள். முகாம் நடக்கும் பள்ளியில் வராண்டா, சைக்கிள் கொட்டகை போல ஒதுக்குப்புறமான இடம் கிடைக்குமா என்று கேளுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி அட்டையும் வாய்க்கூடும் கையில் இருந்தால் மறுப்பவர்களும் கொஞ்சம் இறங்கி வருவார்கள். பயந்த நாய் வீட்டுக்காரரையே கடிக்கும் என்பதால் வாய்க்கூடு அவசியம். மூச்சிரைக்க முடியாதபடி இறுக்கும் துணிப்பட்டை வேண்டாம், கூடை மாதிரியானது வாங்குங்கள். தடுப்பூசி முழுப் பலன் தர மூன்று, நான்கு வாரம் ஆகும். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய பிறகு ஓடிப் பயனில்லை, செப்டம்பரிலேயே போட்டுவிடுங்கள். எலிக்காய்ச்சலுக்கான ஊசியையும் கேளுங்கள். வெள்ளத்துக்குப் பின் அதுதான் நாய்க்கும் வரும், நமக்கும் வரும்.

பல நாய்கள் தொலைவது கழுத்துப் பட்டையால்தான். இடிச்சத்தத்தில் மிரண்ட நாய் பின்பக்கமாக இழுத்தால் தளர்ந்த பட்டை காது வழியே கழன்றுவிடும். பட்டைக்குள் இரண்டு விரல் நுழையலாம், மூன்றாவது நுழையக் கூடாது. மார்புப் பட்டையும் போட்டு, ஒரே கயிற்றை இரண்டு வளையத்திலும் கோத்துவிட்டால் ஒன்று கழன்றாலும் இன்னொன்று நிற்கும். செல் நம்பரைத் தொங்கும் தகட்டில் போடாதீர்கள், அறுந்து விழுந்துவிடும். அழியாத மையால் பட்டையிலேயே எழுதுங்கள். நாயும் நீங்களும் சேர்ந்திருக்கும் போட்டோ ஒன்று போனில் இருக்கட்டும். தொலைந்து கிடைத்தால் அதுதான் அத்தாட்சி.

பத்து கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் குடிநீர் ஆகும். ஐந்து நாளுக்கு ஐந்து லிட்டர் கேனாக எடுத்துக்கொள்ளுங்கள். தீவனம் மூடியுள்ள வாளியில் இருக்கட்டும், அட்டைப் பெட்டி நனைந்தால் பூசணம் பிடிக்கும். தூங்கட்டும் என்று மனிதர்களுக்கான தூக்க மாத்திரை கொடுக்கவே கூடாது.

காற்று நின்றதும் திரும்பிவிடாதீர்கள். ஃபெஞ்சல் கரையைக் கடந்தது 2024 நவம்பர் 30 இரவு. சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் கடலூரை மூழ்கடித்தது அதற்கு அடுத்த நாட்களில்.

காற்று ஆரம்பித்தாலே பூனை பரண்மேல் ஏறிக்கொள்கிறது. எப்படிப் பிடிப்பது?
*- வாசகர், முத்தியால்பேட்டை*

காற்று ஆரம்பித்தபிறகு பிடிக்க முடியாது. எச்சரிக்கை வந்ததுமே, பரணோ பீரோவோ இல்லாத ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். காய்கறி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் இரண்டை வாயோடு வாய் கவிழ்த்து, கேபிள் டை ஆறேழு போட்டால் நல்ல கூடை தயார். ஒரு பக்க டைகளைக் கதவுக் கீல் மாதிரி விட்டு, மறுபக்கத்தைப் பூனையை உள்ளே விட்டபின் கட்டுங்கள். ஒரு வாரம் முன்பே அதன் பழைய துணியும் ஒரு துண்டுக் கருவாடும் போட்டுத் திறந்து வைத்தால் தானே போய்ப் படுக்கும். அட்டைப் பெட்டி கூடாது. மழையே வேண்டாம், பூனை ஒருமுறை மூத்திரம் போனாலே அடி கழன்றுவிடும். கடைசி நிமிடமானால் பருத்தித் தலையணை உறைதான் வழி. பின்பக்கம் முதலில் போகும்படி இறக்கி வாயைக் கட்டுங்கள். காய்ச்சலோ என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

ஒரு கறவை மாடு, நாலு ஆடு. கூட்டிப்போக வண்டி இல்லை.
*- வாசகர், பரங்கிப்பேட்டை*

முடிந்தவரை முன்கூட்டியே மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள். முடியவில்லையென்றால் அவிழ்த்து விடுங்கள். வெள்ளத்தில் கட்டுத்தறியிலேயே சாகிற மாடுதான் அதிகம். நனைந்த கயிற்றில் முடிச்சு இறுகிவிடும், அப்புறம் அரிவாள்தான் வேண்டும். இழுபடும் கயிற்றையும் கழற்றிவிடுங்கள், எதிலாவது சிக்கும். ஷீட் போட்ட கொட்டகைக்குள் அடைக்காதீர்கள், மரத்தடியிலும் நிறுத்தாதீர்கள். 2011 தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தது நினைவிருக்கும்.

மாட்டின் காது வில்லை எண் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். ஃபெஞ்சலுக்கு அரசு அறிவித்த நிவாரணம் பசு ஒன்றுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000. இறந்ததை விஏஓவும் கால்நடை மருத்துவரும் பார்க்கும் முன் புதைத்துவிட்டால் கேட்பது சிரமம். அடிபட்டிருந்தால் கால்நடை ஆம்புலன்ஸ் 1962, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

எதுவும் முடியாமல் நாயை விட்டுத்தான் போக வேண்டும் என்றால்?
*- வாசகி, தாழங்குடா*

என்ன ஆனாலும் சங்கிலியில் கட்டிவிட்டுப் போகாதீர்கள். மாடி இருந்தால் மேலே விட்டு, படிக்கட்டுக் கதவைத் திறந்தபடி கட்டிவையுங்கள், காற்றில் சாத்திக்கொள்ளக் கூடாது. கவிழாத கனமான பாத்திரங்கள் மூன்று நான்கில் தண்ணீர், தீவனத்தை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். வாசல் சுவரில் ஆளுயரத்தில் 'உள்ளே நாய் ஒன்று' என்று செல் நம்பரோடு பெயிண்டால் எழுதுங்கள். சாக்பீஸ் அரை மணி மழைக்குத் தாங்காது.

லவ் பேர்ட்ஸ் கூண்டுக்கு?
*- வாசகர், உப்பளம்*

தண்ணீர்க் கிண்ணத்தைக் கம்பியில் கட்டி, மூன்று பக்கம் பருத்தித் துணியால் மூடுங்கள், ஒரு பக்கம் காற்றுக்கு. பிளாஸ்டிக் தார்ப்பாய் சுற்றினால் மூச்சு முட்டும். தினை ஒரு குருவிக்கு நாளைக்கு இரண்டு டீஸ்பூன் போதும். கூண்டில் இருப்பது பச்சைக்கிளி என்றால், அதை வளர்ப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம். முகாமுக்குப் போகும் முன் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.