வாசகர் கேள்வி: புயல் காற்றுக்கு கார் ஷெட் ஷட்டர் தாங்குமா?

கேள்வி: ஐயா, பெருமாள்மலையில் சரிவான இடத்தில் எங்கள் வீடு இருக்கிறது. வீட்டை ஒட்டி, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி கார் ஷெட். எட்டடி அகலம், ஏழடி உயரத்தில் இரும்பு ரோலிங் ஷட்டர் போட்டிருக்கிறோம். ஷெட்டுக்கும் சமையலறைக்கும் ஒரே தகரக் கூரைதான். கஜா புயலின்போது ஷட்டர் உள்பக்கமாக வளைந்து, ஒரு பக்கம் சானலை (ஷட்டர் ஏறி இறங்கும் பக்கவாட்டு இரும்புத் தடத்தை) விட்டு வெளியே வந்துவிட்டது. கூரையிலும் இரண்டு தகரங்கள் பெயர்ந்துபோயின. அப்போதைக்குத் தட்டிச் சரிசெய்து பயன்படுத்தி வருகிறோம். இன்னும் கனமான தகட்டில் புது ஷட்டர் போட்டால் போதும் என்கிறார் ஷட்டர் செய்பவர். அவர் சொல்வது சரியா?
– ஒரு வாசகி, பெருமாள்மலை

பதில்: கனமான தகடு மட்டும் போதாது, அம்மா. ஷட்டர் வளைந்ததையும் கூரைத் தகரம் பெயர்ந்ததையும் இரண்டு தனித்தனிச் சேதங்களாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அவை ஒன்றன் விளைவாக மற்றொன்று நேர்ந்தவையே. கூரைக்கு மேலே வீசும் காற்று தகரத்தை வெளியிலிருந்து மேல்நோக்கி உறிஞ்சுகிறது. ஷட்டர் மூடியிருக்கும்வரை இந்த ஒரு விசையைத் தாங்கினால் போதும். ஷட்டர் திறந்துகொண்டதும் உள்ளே புகும் காற்று வெளியேற வழியின்றி அதே தகரத்தை அடியிலிருந்தும் தள்ளுவதால், இரு விசைகளும் சேர்ந்து ஆணிகளைப் பிடுங்கிவிடுகின்றன. 1992 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ சூறாவளியிலும், கார் நிறுத்துமிடத்தின் அகன்ற கதவு முதலில் விழுந்து, அதன்பின் கூரை பறிபோன வீடுகள் பல இருந்தன. அங்கே கட்டட விதிகள் பின்னர் கடுமையாக்கப்பட்டு, காற்றழுத்தத்துக்குச் சோதிக்கப்பட்ட கதவுகள் கட்டாயமாயின.

விசையின் அளவையும் பார்ப்போம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தபோது, காற்றின் வேகம் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டியது. 120 கிலோமீட்டர் வேகக் காற்றே ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 68 கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தைத் தரும். உங்கள் ஷட்டரின் பரப்புக்குக் கணக்கிட்டால் 350 கிலோ வருகிறது. மலைக்கு வந்து சேர்வதற்குள் புயல் வலுவிழந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் சரிவில் ஏறும் காற்று முகட்டை நெருங்க நெருங்க வேகம் கூடும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875, சரிவின் அமைப்பைப் பொறுத்து வேகத்தை 1.36 மடங்கு வரை கூட்டிக் கணக்கிடச் சொல்கிறது. வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதால், இந்த 1.36 என்பது விசையில் ஏறத்தாழ 1.85 மடங்காகிவிடும். பள்ளத்தாக்கை நேராகப் பார்க்கும் திறப்புக்கு இதை அலட்சியப்படுத்தவே கூடாது.

இனி ஷட்டர் ஏன் சானலை விட்டு வந்தது என்பதைப் பார்ப்போம். காற்று தள்ளும்போது, ஷட்டரில் குறுக்காகக் கோத்திருக்கும் தகட்டுப் பட்டைகள் நடுவில் குழிகின்றன. குழியக் குழிய அவற்றின் இரு நுனிகளும் உள்ளே இழுபட்டு, ஒரு கட்டத்தில் சானலிலிருந்து நழுவிவிடுகின்றன. கனமான தகடு சற்றுக் குறைவாகக் குழியும், அவ்வளவே. நுனி நழுவாமல் தடுக்க, பட்டைகளின் முனைகளில் கொக்கி போன்ற காற்றுப் பூட்டுகளும், அவற்றைப் பிடித்துக்கொள்ளும் உதடு மடித்த ஆழமான சானலும் வேண்டும். புது ஷட்டருக்குச் சொல்லும்போது முதலில் இதைத்தான் கேளுங்கள்.

அதோடு நிறுத்தினால் பலவீனம் அடுத்த இடத்துக்குப் போய்விடும். நுனி பூட்டப்பட்டதும் பட்டைகள் இழுத்துக் கட்டிய கயிறுபோல் இரு பக்கச் சானல்களையும் உள்நோக்கி இழுக்கும். அந்த இழுவையைத் தாங்க வேண்டியது சுவர். உள்ளே பொள்ளலான சிமென்ட் பிளாக்கில் ஆங்கர் போல்ட் அடித்திருந்தால், போல்ட் பிளாக்கின் மெல்லிய வெளிப்பக்கத்தை உடைத்துக்கொண்டு வந்துவிடும். ஆகவே திறப்பின் இரு பக்கமும் கம்பி கட்டிய கான்கிரீட் தூண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில், ஷட்டருக்குச் செலவிடும் முன் தூணுக்குச் செலவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். சானலைத் தூணில் ஒன்றரை அடிக்கு ஒரு போல்ட் என்ற கணக்கில், தூணின் விளிம்பை ஒட்டாமல் சற்று உள்தள்ளிப் பிடிக்க வேண்டும். மழையும் பனிமூட்டமும் மிகுந்த ஊராகையால் துத்தநாகம் பூசிய போல்ட்டையே வாங்குங்கள்.

இப்போதைக்குப் புது ஷட்டர் வேண்டாம் என்றால், கழற்றி மாட்டும் நடுத்தூண் நல்ல வழி. தடித்த சதுர இரும்புக் குழாயை ஷட்டரின் உட்பக்கம், சரிநடுவில், தரையில் பதித்த குழிக்குள் இறக்கி, மேலே லிண்டலில் பொருத்திய பிடிப்பில் பூட்ட வேண்டும். பட்டையின் நீளம் பாதியானதுபோல் ஆகிவிடுவதால், அதை வளைக்கும் விசை ஏறக்குறைய கால்பங்காகக் குறையும். தரைக்குழியில் மண் சேராதபடி மூடி போட்டுவையுங்கள். ஷட்டரின் அடிச்சட்டத்தை இரு முனையிலும் தரையோடு பூட்டுங்கள். ஷட்டரைச் சுருட்டும் உருளையில் உள்ள சுருள்வில்லை மட்டும் நீங்களாகக் கழற்றாதீர்கள். முறுக்கேறிய வில் விடுபட்டால் கையை முறித்துவிடும்.

கூரைக்கு, வெறும் ஆணி இருக்கும் இடங்களில் குறுக்குச் சட்டத்தைச் சுற்றிப் பிடிக்கும் ஜே போல்ட் போடுங்கள். ஓரத்து வரிசையில் அவற்றை நெருக்கமாக அமையுங்கள், உறிஞ்சும் விசை அங்கேதான் அதிகம். ஷெட்டின் மேல் சாய்ந்த மரம் இருந்தால் அதற்கு எந்த ஷட்டரும் ஈடல்ல. ஆனால் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அனுமதி பெற்ற பிறகே வெட்ட முடியும்.

கேள்வி: எங்கள் ஷெட்டில் உள்பக்கமாகத் திறக்கும் இரட்டை மரக்கதவு உள்ளது. ஆடிக் காற்றில் சன்னலைத் திறந்துவைத்தால் அழுத்தம் சமனாகும் என்கிறார்கள். காரைக் கதவோடு ஒட்டி நிறுத்தலாம் என்றும் சொல்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: இரண்டும் வேண்டாம். திறந்த சன்னல் காற்றுக்கு நுழைவாயிலாகி, நான் மேலே சொன்ன அதே ஆபத்தை வரவழைக்கும். காரை ஒட்டி நிறுத்தினால் கதவோடு காரும் சேதமாகும். உள்பக்கம் திறக்கும் கதவில் காற்றின் முழுத் தள்ளலும் நடுத் தாழ்ப்பாளின் மேல் விழுகிறது. எனவே நான்குக்கு இரண்டு அங்குலக் குறுக்குக் கட்டையை, இரு கதவுகளின் மீதும் படியும்படி இடுப்பு உயரத்தில் போடுங்கள். அதைத் தாங்கும் இரும்புப் பிடிகள் கதவில் அல்லாமல், பக்கத் தூண்களில் போல்ட் போட்டுப் பதிந்திருக்க வேண்டும். தரையிலும் நிலையின் மேற்சட்டத்திலும் இறங்கும் செங்குத்துத் தாழ்ப்பாள்களை இரு கதவுகளுக்கும் அமைத்து, கீல்களின் திருகுகள் மக்கிய மரத்தில் இருக்கின்றனவா என்பதை ஆனி மாதத்துக்குள் பார்த்துவிடுங்கள்.