வேகன்ஆருக்கு எந்த ஏர் ஃபில்டர் வாங்குவது? ஒரிஜினலா, வெளி பிராண்டா, கழுவிப் போடும் ஃபில்டரா?

கேட்டவரிடம் இருப்பது 2018 மாடல் வேகன்ஆர் பெட்ரோல். வீடு திண்டுக்கல் பக்கம், தினமும் போகிற ரோட்டில் கல்குவாரி லாரிகள் ஓடுகின்றன. சர்வீஸில் இன்ஜின் ஏர் ஃபில்டரை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனி ஃபில்டரா, வெளி பிராண்டா, கழுவிக் கழுவிப் போடும் விலை கூடிய ஃபில்டரா, மாற்றினால் மைலேஜ் கூடுமா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மாருதியின் ஒரிஜினல் பேப்பர் ஃபில்டரையே வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் பாஷ், மாலே, பியூரோலேட்டர் போல நாலு பேருக்குத் தெரிந்த பிராண்டில் பேப்பர் ஃபில்டர். கழுவிப் போடுவது உங்கள் ரோட்டுக்கு வேண்டாம். மைலேஜை நினைத்தும் மாற்ற வேண்டாம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் சித்தப்பா கோவையில் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார். படிக்கிற காலத்திலிருந்தே அங்கே கூடமாட வேலை செய்து பழக்கம். டவுனுக்குள்ளேயே ஓடும் வண்டியின் ஃபில்டரைக் கழற்றினால் கருப்பாக, புகை படிந்த மாதிரி இருக்கும். கிணத்துக்கடவு குவாரிப் பக்கமிருந்து வரும் வண்டியின் ஃபில்டர் அப்படி இருக்காது. மடிப்புக்குள் வெளிர் சாம்பல் நிறத்தில் மாவு போல நிறைந்திருக்கும், தட்டினால் கொட்டும். உங்கள் வண்டியிலும் இதுதான் இருக்கப் போகிறது. அதனால்தான் எது நல்ல பிராண்டு என்பதை விட, எது இந்தத் தூசியைப் பிடிக்கும் என்று பார்க்கச் சொல்கிறேன்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும். உங்கள் 35 லிட்டர் டேங்க் ஒரு தடவை காலியாவதற்குள் மூன்று லட்சம் லிட்டர் காற்று அந்தச் சின்னக் காகிதத்தின் வழியாக உள்ளே போகிறது. குவாரித் தூசியில் குவார்ட்ஸ் இருக்கும். இன்ஜினுக்குள் இருக்கும் இரும்பு, அலுமினியம் இரண்டையும் கீறுகிற அளவுக்குக் கடினமான பொருள் அது. கண்ணுக்குத் தெரியும் மணலை எந்த மட்டமான ஃபில்டரும் நிறுத்திவிடும். ஆபத்து 5 முதல் 20 மைக்ரான் வரை உள்ள பொடியில்தான் (நம் தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான்). பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் இருக்கும் ஆயில் படலத்துக்குள் நுழைந்து தேய்ப்பது இந்தப் பொடிதான். அங்கிருந்து ஆயிலில் கலந்து பேரிங் வரைக்கும் போகும். அன்றைக்கே எதுவும் தெரியாது. சில வருடம் கழித்து ஆயில் குறைய ஆரம்பிக்கும், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் வரும் அழுத்தம்) இறங்கும், அப்போது இன்ஜின் வேலை என்று பெரிய பில் வரும். ஏர் ஃபில்டரோ சில நூறு ரூபாய்தான்.

கழுவிப் போடும் ஃபில்டர் பெரும்பாலும் பருத்தித் துணி அடுக்கில் எண்ணெய் தடவியது. காற்று தாராளமாகப் போகும், வாழ்நாள் முழுக்க ஒன்றே போதும் என்று சொல்லி விற்பார்கள். விலையும் சில ஆயிரம். காற்று தாராளமாகப் போவது என்னவோ உண்மைதான். ஆனால் உங்கள் இன்ஜினுக்குக் காற்று போதவில்லை என்று யார் சொன்னது? நல்ல நிலையில் உள்ள பேப்பர் ஃபில்டரே வேகன்ஆர் கேட்கும் காற்றைத் தந்துவிடும். ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்று ஒரு முறை இருக்கிறது. அளந்த தூசியை ஊதி, எவ்வளவு பிடித்தது, எவ்வளவு தப்பியது என்று எடை போட்டுப் பார்ப்பார்கள். ஒன்று 99 சதவீதம் பிடிக்கிறது, இன்னொன்று 97 சதவீதம் என்றால் காதுக்கு ஒன்று போலத்தான் இருக்கும். தப்பிப் போனதைக் கணக்குப் பாருங்கள்: ஒன்றில் 1, இன்னொன்றில் 3. இன்ஜினுக்குள் மூன்று மடங்கு தூசி. குவாரி ரோட்டில் அந்த இரண்டு சதவீதத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது.

இன்னொரு சிக்கல், கழுவிய பிறகு எண்ணெய் தடவுவது. கூடினால், மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) உள்ள வண்டிகளில் அந்த எண்ணெய் சென்சார் கம்பியில் படிந்து அளவு தப்பாகக் காட்ட வாய்ப்புண்டு. குறைந்தால் தூசி நேராக உள்ளே போகும். ஓரிடம் விடாமல் சரியாகத் தடவி, முழுக்கக் காயவிட்டு மாட்டும் பொறுமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவசரத்துக்குச் சர்வீஸ் விடும் நம்மைப் போன்றவர்களுக்கு அது ஒத்துவராது.

சரி, பேப்பர் ஃபில்டர் என்று முடிவாயிற்று. கடையில் "வேகன்ஆர் ஃபில்டர் கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரே பெயரில் பல தலைமுறை வண்டிகள், வெவ்வேறு இன்ஜின்கள் வந்திருக்கின்றன. பழைய ஃபில்டரின் ஓரத்தில் பார்ட் நம்பர் அச்சாகியிருக்கும், அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். இல்லையென்றால் சேஸிஸ் நம்பரைக் கொடுத்துக் கம்பெனி ஸ்பேர்ஸ் கடையில் பார்க்கச் சொல்லலாம். ஏசி ஃபில்டரையும் இதையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். க்ளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருப்பது ஏசிக்கு, பானெட்டுக்குள் இருப்பதுதான் இது.

கையில் வாங்கியதும் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங்கை முதலில் அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று அமுங்கி, கையை எடுத்ததும் பழையபடி வர வேண்டும். பிளாஸ்டிக் மாதிரி விறைப்பாக இருந்தால் அந்த ஃபில்டரை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் மடிப்புகள். ஒரே இடைவெளியில், நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் நெருங்கி ஒரு பக்கம் அகன்று கிடந்தால் தயாரிப்பு சரியில்லை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஊசி முனை அளவில் எங்காவது பளிச்சென்று தெரிகிறதா என்று பாருங்கள், அது ஓட்டை. ஒரிஜினல் டப்பாவைப் போலவே அச்சடித்த போலிகளும் சந்தையில் உண்டு. என் அத்தை மகன் ஒரு கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கி வந்த ஃபில்டரைப் பழையதோடு சேர்த்து வைத்துப் பார்த்தோம். வெளி அளவு ஒன்றுதான். மடிப்பை எண்ணினால் புதியதில் கணிசமாகக் குறைவு, ஆழமும் குறைவு. காகிதத்தின் பரப்பு குறைந்தால் தூசி பிடிக்கும் கொள்ளளவும் குறையும். அதனால் பழையதைக் கையோடு எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவது நல்லது.

நல்ல ஃபில்டரை வாங்கிவிட்டு மாட்டுவதில் கோட்டை விடுவதுதான் நான் அதிகம் பார்ப்பது. பழையதை எடுத்ததும் பாக்ஸின் கீழ்ப்பகுதியில் கிடக்கும் தூசி, இலை, சில சமயம் எலி கொண்டுவந்து போட்ட பஞ்சு எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். இன்ஜினுக்குப் போகும் வழியை அந்த நேரத்தில் ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள், மாட்டும்போது அதை எடுக்க மறக்காதீர்கள். மூடியின் கிளிப் அல்லது ஸ்க்ரூ ஒன்று உடைந்திருந்தால், அந்த மூலை லேசாகத் தூக்கிக்கொள்ளும். காற்று எப்போதும் சுலபமான வழியில்தான் போகும். காகிதத்தை விட்டுவிட்டு அந்த இடுக்கு வழியாக உள்ளே இழுக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஃபில்டருக்கு அந்தப் பக்கம், அதாவது இன்ஜினுக்குப் போகும் ஹோஸின் உட்சுவரை வெள்ளைத் துணியால் ஒரு இழுப்பு துடைத்துப் பாருங்கள். லேசான எண்ணெய்ப் பிசுக்கு வந்தால் கவலை இல்லை, அது பிரீதர் (இன்ஜினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் குழாய்) வழியாக வருவது. நறநறவென்று பொடி வந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பீடிங் உட்காரும் இடத்திலும் பாருங்கள். சரியாக உட்கார்ந்திருந்தால் அழுக்குப் பக்கத்துக்கும் சுத்தமான பக்கத்துக்கும் நடுவில் கோடு போட்டது போல எல்லை தெரியும். அந்தக் கோட்டைத் தாண்டி எங்காவது தூசி வழிந்திருந்தால் அதுதான் கசியும் இடம். மெக்கானிக்கிடம் விட்டாலும் பக்கத்தில் நின்று இதைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எப்போது மாற்றுவது? மேனுவல்களில் பெரும்பாலும் 30,000, 40,000 கி.மீ. என்று போட்டிருக்கும். தூசி ரோட்டில் ஓடினால் அதற்கு முன்பே என்றும் அதிலேயே இருக்கும். உங்களுக்குப் பொருந்துவது அந்த இரண்டாவது வரி. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள், பாதித் தூரத்திலேயே மாற்ற வேண்டியிருக்கலாம். ஆனால் வாரா வாரம் கம்ப்ரஸரில் ஏர் அடிக்காதீர்கள். ஃபில்டர் புதிதாக இருக்கும்போதை விட, மேலே கொஞ்சம் தூசி படிந்த பிறகுதான் பொடித்தூசியை இன்னும் நன்றாகப் பிடிக்கும். டயருக்கு அடிக்கும் வேகத்தில் கிட்டே வைத்து அடித்தால் காகித இழை பிய்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். அடித்தே ஆக வேண்டும் என்றால் சுத்தமான பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, தள்ளி வைத்து, மெதுவாக. தண்ணீரில் கழுவுவது கூடவே கூடாது.

மைலேஜ் விஷயம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. இன்றைய ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டிகளில் ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் மைலேஜ் சொல்லும்படி குறையவில்லை. உள்ளே வரும் காற்றுக்குத் தக்கபடி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. இழுவைதான் குறைந்தது. மைலேஜ் அடி வாங்குவதெல்லாம் பழைய கார்புரேட்டர் வண்டிகளில். எனவே புது ஃபில்டர் போட்டும் மைலேஜ் ஏறவில்லையே என்று மெக்கானிக்கைச் சந்தேகப்பட வேண்டாம்.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். பானெட்டைத் திறந்து ஃபில்டரைத் தொட்டுப் பாருங்கள். காகிதம் நனைந்திருந்தால் தண்ணீர் சிலிண்டர் வரை போயிருக்கலாம், ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குச் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற வண்டியைத் தள்ளியோ, டோ செய்தோதான் ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.