நாடகத்தை விட்டுவிட்டு சினிமாவுக்குப் போகலாமா?

கேள்வி: எங்கள் ஊர் மனிதர்களை வைத்தே பல வருடங்களாக மேடை நாடகம் எழுதுகிறேன். ஒரு நாடகத்தைப் படமாக்க இயக்குநர் ஒருவர் கேட்கிறார். "ஊர்க்கதையை மூட்டை கட்டிவிட்டு சினிமாவுக்குப் போ" என்கிறார்கள் நண்பர்கள். அமெரிக்க நாடகாசிரியர் ஹார்ட்டன் ஃபுட் இரண்டிலும் ஜெயித்தாராமே, எப்படி?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஜெயித்தார், ஆனால் ஊர்க்கதையை மூட்டை கட்டாமல்தான் ஜெயித்தார்.

ஃபுட் 1916இல் டெக்சாஸ் மாநிலத்தில் வார்ட்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். நடிகராகத்தான் கிளம்பினார். நியூயார்க் போன இடத்தில் எழுத்து பிடித்துக்கொண்டது. எழுதியதில் பெரும்பகுதி சொந்த ஊர்தான். ஊரின் பெயரை மட்டும் ஹாரிசன் என்று மாற்றிக்கொண்டார்.

அவருடைய 'தி ட்ரிப் டு பவுன்டிஃபுல்' கதையைப் பாருங்கள். ஹூஸ்டனில் மகன் வீட்டில் ஒண்டியிருக்கும் கிழவி. பக்திப்பாட்டு பாடினால் மருமகளுக்கு ஆகாது. சாவதற்குள் பிறந்த ஊரைப் பார்த்துவிட வேண்டுமென்று, பென்ஷன் காசோலையை ஒளித்துவைத்து பஸ் ஏறிவிடுகிறாள். அங்கே போனால் ஊரில் ஒருவரும் இல்லை. அவ்வளவுதான் கதை! 1953இல் தொலைக்காட்சியில் வந்தது, அதே வருடம் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் மேடை ஏறியது. 1985இல் அவரே திரைக்கதை எழுதிப் படமாக, கிழவியாக நடித்த ஜெரால்டின் பேஜுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஃபுட் 2009இல் காலமான பிறகும், 2013இல் அதே கிழவியாக மேடையில் நடித்த சிசிலி டைசன், நாடகத்துக்கான டோனி விருது வாங்கினார்.

ஃபுட் வாங்கிய ஆஸ்கர் இரண்டு. முதலாவது 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1962), இன்னொருவர் நாவலுக்கு எழுதிய திரைக்கதை. நமக்கெங்கே கிடைக்கப்போகிறது என்று விழாவுக்கே போகவில்லை, மனிதர். இரண்டாவது 'டெண்டர் மெர்சீஸ்' (1983), சொந்தக் கதை. அதில் குடியால் சீரழிந்த பாடகன், தனக்கு இடம் கொடுத்த விதவையிடம் தோட்டத்து வேலைக்கு நடுவே கல்யாணப் பேச்சை எடுப்பான். அவளும் யோசிப்பதாகச் சொல்வாள். கல்யாணத்தைக்கூடக் காட்டமாட்டார்கள். இந்தச் சிக்கனம் மேடையில் பழகிய கைக்கே வரும் என்பது என் எண்ணம்.

ஆனால் இந்த இரண்டு விருதுக்கும் நடுவில் இருபது வருடம் இருக்கிறது. நாடக உலகின் ருசி மாறியது, ஃபுட்டின் அமைதியான நாடகங்களைக் கேட்பார் குறைந்தார்கள். குடும்பத்தோடு நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய், தன் அப்பாவின் வாழ்க்கையை வைத்து ஒன்பது நாடகங்கள் எழுதினார். நாடகத்துக்கான புலிட்சர் விருது கிடைத்தது 1995இல், 79 வயதில். அத்தனை காலம் பொறுக்க உங்களால் முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். இப்போது கைவசம் உள்ள வேலையை விட வேண்டாம்.

இயக்குநருக்குத் தாராளமாகச் சரி சொல்லுங்கள். அதற்கு முன் ஒன்று. ஃபுட்டின் 'தி சேஸ்' நாடகத்தை ஹாலிவுட் படமாக்கியபோது, திரைக்கதையை அவரிடம் தராமல் லில்லியன் ஹெல்மன் என்ற வேறொரு நாடகாசிரியரிடம் கொடுத்தார்கள். ஆகவே திரைக்கதை யார் எழுதுவது, மேடை உரிமை யாரிடம் இருக்கும் என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பிப் பிரதியைக் கொடுத்துவிடாதீர்கள். கையெழுத்துப் போடும்முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.