ஒரு கைப்பிடி, இரண்டு இன்ஜின்: டீசல் இன்ஜின் கேள்வி-பதில்

கானாடுகாத்தான் வாசகர்: செட்டிநாடு ஸ்டேஷனில் இரண்டு டீசல் இன்ஜின் பூட்டிய கூட்ஸ் வண்டி போனது. பின் இன்ஜினில் ஆளே இல்லை. யார் ஓட்டுகிறார்கள்?

முன்னால் இருக்கும் லோகோ பைலட்தான் இரண்டையும் ஓட்டுகிறார். அடுத்த முறை இரண்டுக்கும் நடுவே பாருங்கள், தடியான கறுப்புக் கேபிள் ஒன்று வளைந்து தொங்கும். ஜம்பர் என்போம். உள்ளே 27 கம்பிகள். முன்னால் நாட்ச், அதாவது கைப்பிடியின் சக்திப் படி, ஏற்றினால் பின்னாலும் அதே நாட்ச் ஏறும். எட்டு நாட்சுக்கு எட்டுக் கம்பி தேவையில்லை; நான்கு கம்பிகளில் மின்சாரத்தை வெவ்வேறு சேர்க்கையாக அனுப்பினால் போதும். ஜம்பர் மாட்டாமல் போனால் பின்னது பெரும்பாலும் அணைத்துவைத்த இன்ஜின், சும்மா இழுபட்டுப் போவது.

தேவகோட்டை மாணவர்: 2600 குதிரைத்திறன் டபிள்யூடிஎம்-2 வகை இன்ஜினையும் 3100 உள்ள டபிள்யூடிஎம்-3ஏ வகையையும் சேர்த்தால், பெரியது சின்னதை இழுத்துக்கொண்டு ஓடாதா?

ஓடாது தம்பி. டீசல் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நேரடிப் பிணைப்பே கிடையாது. இன்ஜின் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது, அந்த மின்சாரம் மோட்டாரைச் சுற்றுகிறது. அதனால் அதது தன் சக்திக்கு இழுக்கும். எட்டாவது நாட்சில் மொத்தம் 5700.

தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. சரக்கு வண்டிக்கான டபிள்யூடிஜி-3ஏவின் பல்சக்கர விகிதம் வேறு, அதன் உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். அதோடு 120-ல் போகக்கூடிய டபிள்யூடிஎம்-3ஏவைப் பூட்டினாலும் 100-ஐத் தாண்டக் கூடாது. அதைவிட முக்கியம் கீழ் எல்லை. பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் ஊர்ந்து போகும்போது மோட்டாரில் கரண்ட் ஏறிச் சூடாகும். எந்த வேகத்துக்குக் கீழே தொடர்ந்து இழுக்கக் கூடாது என்பது வகைக்கு வகை மாறும். இரண்டில் எது முதலில் சூடாகுமோ, அதன் கணக்குத்தான் இரண்டுக்கும். முன் இன்ஜினின் மீட்டரை மட்டும் பார்த்து ஓட்டினால் பின்னால் மோட்டார் கருகுவது தெரியாது.

பள்ளத்தூர் வாசகர்: ஜம்பர் பிளக் பொருந்தினால் ஆல்கோ வகை இன்ஜினையும் டபிள்யூடிஜி-4 சரக்கு இன்ஜினையும் சேர்க்கலாம்தானே?

பிளக் பொருந்துவது மட்டும் போதாது. ஆல்கோவில் (மேலே சொன்ன மூன்று வகையும் இதில் சேர்த்தி) டிசி மோட்டார். டபிள்யூடிஜி-4-ல் மூன்று பேஸ் ஏசி மோட்டார், கம்ப்யூட்டர் கட்டுப்பாடு. ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு பக்கமும் ஒரே அர்த்தம் இருக்க வேண்டும், மோட்டாரையே ஜெனரேட்டராக்கி வேகம் குறைக்கும் டைனமிக் பிரேக் உட்பட. பிரிட்டனில் இந்தக் குழப்பத்துக்காகவே இன்ஜின் முகப்பில் அடையாளம் வரைந்தார்கள். நீல நட்சத்திரம் போட்டது நீல நட்சத்திரத்தோடு மட்டும் சேரும். எதை எதோடு சேர்க்கலாம் என்ற எழுத்து உத்தரவு இல்லாமல் சேர்க்கவே கூடாது.

கோட்டையூர் வாசகர்: முதுகோடு முதுகு பூட்டினால் எதிரெதிராக இழுக்காதா?

இழுக்காது. அதற்கேற்ப முன்னோக்கு, பின்னோக்குக் கம்பிகள் இடம் மாறும்படி வயரிங் இருக்கும்.

காரைக்குடி வாசகர்: பூட்டும்போது முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

பிரேக்கை. காற்றுக் குழாய்கள் எல்லாம் மாட்டி, பின் இன்ஜினில் எம்யூ-2பி என்ற பிரேக் வால்வை டிரெய்ல், அதாவது பின்தொடரும் நிலைக்குத் திருப்ப வேண்டும். மறந்தால் அதன் பிரேக் முன்னால் இருப்பவர் பேச்சைக் கேட்காது. அப்புறம் ஜம்பர். ஒருமுறை என் வண்டியில் பின் இன்ஜின் இழுக்காமல் ஐடிலிலேயே கிடந்தது, வேகம் ஏறவே இல்லை. நிறுத்திப் பிளக்கைக் கழற்றினால் பிளக் ஊசி ஒன்று வளைந்து, குழிக்குள் செம்மண் அப்பியிருந்தது. அன்றிலிருந்து துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்க்காமல் நான் பிளக்கைச் செருகியதில்லை.