ஹிரோஷிமாவில் குடியிருக்கலாம், செர்னோபிலில் முடியாதா?

கேள்வி: அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவில் இன்று பத்து லட்சத்துக்கும் மேல் ஜனங்கள் இருக்கிறார்கள். குண்டே விழாத, அணு உலை மட்டும் வெடித்த செர்னோபில் பக்கம் இன்னும் ஆள் குடியேற விடுவதில்லை. அப்படியென்றால் நாம் பயப்படுகிற அளவுக்கு குண்டில் விஷம் இல்லையா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: மண்ணைப் பொறுத்தவரை நீங்கள் கேட்பது நியாயம்தான். அந்தக் குண்டில் இருந்த யுரேனியம் சுமார் 64 கிலோ, அதிலும் அணு பிளந்து வெடித்தது ஒரு கிலோகூட இல்லை. வெடித்ததும் தரையில் இல்லை, ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில், அதனால் கதிரியக்கக் கழிவில் பெரும்பங்கு மேலே போய்க் கலைந்துவிட்டது. செர்னோபில் உலையில் இருந்ததோ சுமார் 190 டன் எரிபொருள். அது வாயைப் பிளந்துகொண்டு பத்து நாள் எரிந்து கக்கியது. அதில் வந்த சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறையவே 30 வருஷம் ஆகும்.

ஹிரோஷிமாவில் 75 வருஷத்துக்குப் புல் பூண்டு முளைக்காது என்று அப்போது பேசிக்கொண்டார்கள். சீக்கிரமே அரளி பூத்தது. நம் நெடுஞ்சாலை நடுவே நிற்குமே, அதே அரளி! இன்று அதுதான் அந்த நகரத்தின் மலர்.

சரி, மண் பிழைத்தது. ஆட்கள்? 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15. வங்கி திறக்கட்டும் என்று யாரோ வாசற்படியில் உட்கார்ந்திருந்திருக்கிறார். வெப்பத்தில் சுற்றிலும் கல் வெளுத்துவிட, அவர் இருந்த இடம் மட்டும் கறுப்பாக நின்றது. அந்தக் கல்லைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் செத்தவர்கள் சுமார் 1,40,000 பேர். குண்டு விழுந்தபோது ஊரிலேயே இல்லாமல், அப்புறம் சொந்தக்காரர்களைத் தேடி உள்ளே போனவர்களிலும் பலர் நோயில் விழுந்தார்கள். சில வருஷம் கழித்து ரத்தப் புற்றுநோய், அதிலும் குழந்தைகளுக்கு அதிகம். தப்பிப் பிழைத்தவர்களை 'ஹிபாகுஷா' என்பார்கள்; அந்தப் பெயர் ஒட்டிக்கொண்ட குடும்பத்தில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் தயங்கினார்கள், அதனால் பலர் வெளியே சொல்லாமலே வாழ்ந்திருக்கிறார்கள்.

வெடித்த கொஞ்ச நேரத்தில் சாம்பலும் கரியும் கலந்து கறுப்பு மழை பெய்தது, நகரத்தைத் தாண்டி மலையோரக் கிராமங்களிலும். அரசு போட்ட எல்லைக்கோட்டுக்கு வெளியே நனைந்தவர்களுக்கு மருத்துவச் சலுகை இல்லை. அவர்களில் 84 பேர் வழக்குப் போட்டார்கள், தீர்ப்பு வருவதற்குள் சிலர் இறந்தும் போனார்கள். இவர்களும் ஹிபாகுஷாதான் என்று ஹிரோஷிமா உயர் நீதிமன்றம் சொன்னது 2021-இல். மழை பெய்து 76 வருஷம் ஆகியிருந்தது.