தாமோதர் ஆறு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? அதை ஏன் 'வங்கத்தின் துயரம்' என்றார்கள்?

தாமோதர் ஜார்க்கண்டின் சோட்டா நாக்பூர் பீடபூமியில் பிறக்கிறது. நீளம் 592 கி.மீ. ராஞ்சி, ஹசாரிபாக் பீடபூமிகளுக்கு நடுவே, நிலம் பிளந்து இறங்கிய பள்ளத்தாக்கு வழியாகக் கிழக்கே ஓடுகிறது. அந்தப் பள்ளத்தில் படிந்ததுதான் ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரி. சுரங்கங்களும் ஆலைகளும் ஆற்றைப் பாழாக்கியதற்கும் அந்த நிலக்கரிதான் காரணம் என்பது எனக்குப் பெரிய வருத்தம். மேற்கு வங்க எல்லையில் முக்கியத் துணையாறான பராகர் வந்து சேர்கிறது.

சரி, துயரம் ஏன்? மேட்டில் மழை கொட்டினால் நீர் வேகமாக இறங்கிவிடும். மேற்கு வங்கத்தின் பர்த்தமான் நகரைத் தாண்டியதும் நிலம் ஏறக்குறைய மட்டம். வேகம் குறைந்து வண்டல் படிகிறது, ஆறு மேடாகிறது, கரை உடைகிறது. இப்படித்தான் அது பலமுறை தடம் மாறியது. ஒரு காலத்தில் கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றில் கலந்தது, இன்று பர்த்தமான் அருகே சட்டென்று தெற்கே திரும்பி, கொல்கத்தாவுக்கு வெகு தெற்கே கலக்கிறது. கீழ்ப்பகுதியில் பெரும்பாலான நீரை முண்டேஸ்வரி என்ற கிளை ரூப்நாராயண் ஆற்றுக்குக் கொண்டுபோய்விடுகிறது.

1943 வெள்ளத்துக்கு அப்புறம், 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் உருவானது. அது கட்டிய திலையா, கோனார், மைதான், பஞ்சேத் அணைகள் வெள்ளத்தைக் குறைத்தன, முற்றிலும் நிறுத்தவில்லை.